இளிவரலிலிருந்து நகைக்கு: தக்காணத்துப் பகல்வேட மரபும் முதியோர் இல்லக் கோமாளியும்

முன்னுரை

கோமாளி என்னும் சொல் கேட்டவுடன் சர்க்கஸ் கூடாரமும் குழந்தைகளின் ஆரவாரமுமே பலர் நினைவுக்கு வரும். ஆயின் கடந்த கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கோமாளி, மேடையையும் கூடாரத்தையும் விட்டு இறங்கி, முதியோர் இல்லத்தின் கட்டிலருகே சென்று அமரத் தொடங்கியுள்ளான். ஸ்காத்லாந்து, ஆஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளில் இது பயிற்சியும் முறைமையும் உடைய ஒரு பணியாக வளர்ந்துள்ளது. இந்தியாவில் இப்பணி பெரும்பாலும் குழந்தைகள் மருத்துவமனையை மையமிட்டே தொடங்கியது. குழந்தைக்கு ஆடிய ஆட்டத்தையே முதியவர் முன்னும் ஆடலாமா என்பது எளிய வினாவாகத் தோன்றினும், முதுமையைப் பற்றிய நம் மதிப்பீடு முழுவதும் அதனுள் அடங்கியுள்ளது. தமிழ் மெய்ப்பாட்டுக் கோட்பாட்டின் துணையுடனும், ஐதராபாத்தைச் சூழ்ந்த தெலங்கானா நிலப்பகுதியில் வழங்கிவந்த பகல்வேட மரபின் துணையுடனும் அவ்வினாவுக்கு விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமை நகைக்கு, மூப்பு இளிவரலுக்கு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளையும் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. நகையின் நிலைக்களன்களுள் எள்ளல் முதலாவது; இளமை அடுத்தது; பேதைமையும் மடனும் பின்னிரண்டு. இளிவரலின் நிலைக்களன்களுள் முதலில் வைக்கப்பட்டிருப்பது மூப்பு. அதனை அடுத்து நிற்பது பிணி. இளமையை நகைக்கும் மூப்பை இளிவரலுக்கும் உரியதாக வைத்த இவ்வமைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. குழந்தையின் தளர்நடை காண்பவரை மகிழ்விக்கிறது. முதியவரின் தளர்நடை காண்பவர்க்கும் நடப்பவர்க்கும் தாழ்வுணர்ச்சியைத் தருகிறது. செயல் ஒன்றே, அதன் பயன் வேறு. முதுமையை இரண்டாம் குழந்தைப்பருவம் எனக் கூறும் வழக்கு, இந்நுண்ணிய வேறுபாட்டை மறந்து எழுந்த வழக்கு எனலாம்.

மெய்ப்பாடு தன்னிடத்துத் தோன்றுவதும் பிறரிடத்துத் தோன்றுவதும் பற்றி எழும் என்பது பேராசிரியர் உரையால் தெளிவாகும். எள்ளல் என்பதனுள் பிறரை எள்ளி நகுதலும் அடங்கும். தான் எள்ளப்பட்டபோது நகுதலும் அடங்கும். இப்பாகுபாடு கோமாளியின் தொழிலைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது. கோமாளி பிறரை எள்ளலாம். தன்னை எள்ளுதற்கு இடமும் கொடுக்கலாம். முதியவர் முன் நிற்கும் கோமாளிக்கு முதல்வழி அடைபட்டது. மறதியும் நடுக்கமும் செவிட்டுத்தன்மையும் உடைய ஒருவரை எள்ளி எழுப்பும் சிரிப்பு, அவரது இளிவரலை மிகுவிக்குமேயன்றி நீக்காது. எனவே பேதைமையையும் மடனையும் தன்மேல் ஏற்றுக்கொண்டு, நகைக்கும் உரிமையை முதியவரிடம் ஒப்படைப்பதே அவனுக்குரிய வழியாகிறது.

புறநானூற்றின் 243ஆம் பாடல் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. பூண் பொருந்திய கைத்தடியை ஊன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதியவர் ஒருவர், தம் இளமையில் உயர்ந்த மரக்கிளையிலிருந்து ஆழ்மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக் காட்டிய நாளை எண்ணி இரங்குகிறார். பாடியவர் பெயர் அறியப்படாமையால், பாடலில் வரும் தொடர் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்பெற்றார். கைத்தடி அவருக்குப் பெயராயிற்று என்பது தற்செயலாயினும் பொருள் பொதிந்தது. முதியவரை அவரது தடியைக் கொண்டும், பிணியைக் கொண்டும், படுக்கை எண்ணைக் கொண்டும் அறியும் வழக்கம் இன்றைய நிறுவனங்களிலும் உண்டு. மடுவில் குதித்த இளைஞன் அத்தடியின் பின்னே மறைந்துவிடுகிறான். அவனைக் கேட்டறிய ஒருவர் வேண்டும் என்பதே அப்பாடல் எழுப்பும் தேவை.

நகைக்கப்பட்ட முதியவர்

தமிழ்க் கதை மரபில் முதியவர் நகைக்கு உரியவராக வரும் இடங்கள் பல. அவற்றுள் இரண்டு இவண் சுட்டத்தக்கன. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில், புத்தூர் மணப்பந்தலுக்குள் வரும் முதிய அந்தணர், மணமகனைத் தம் அடிமை என்கிறார். சுந்தரர் நகைக்கிறார்; பித்தனோ என வினவுகிறார். பின்னர் உள்ளம் நெகிழச் சிரிப்பு நீங்குவதையும் சேக்கிழார் தவறாது குறிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூரில் முதியவர் பக்கமே தீர்கிறது. பித்தன் என்ற இகழ்ச்சிச் சொல்லே பின்னர் வழிபாட்டின் முதற்சொல்லாகிறது.

கந்தபுராணத்து வள்ளி கதையில் முருகன் முதியவராக வருவதும், சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமண நாடகத்தின் வழியாக அக்காட்சி இரவு நாடக மேடையில் நகைச்சுவைப் பகுதியாக வளர்ந்ததும் அறிஞர் அறிந்தனவே. இவ்விரு கதைகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. தள்ளாதவர், அறிவு பிறழ்ந்தவர் என்று நகைக்கப்பட்டவரே தலைவர் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. நகைத்தவரது நிலை மாறுகிறது. முதியவரை நோக்கிய சிரிப்பு பிழைபட்ட சிரிப்பு என்னும் உணர்வு மரபிலேயே இருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

மரபுக் கோமாளியின் இடமும் இதனோடு இணைத்து நோக்கற்குரியது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் விநோதக் கூத்தின் வகைகளைக் கூறுமிடத்து விதூடகக் கூத்தையும் சுட்டுகிறார். தெருக்கூத்தின் கட்டியங்காரன், தோற்பாவைக் கூத்தின் உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும், ஆந்திரத் தோற்பாவையின் கேதிகாடும் பங்காரக்காவும், இசை நாடகத்தின் பபூனும் வேறுவேறு கலைகளைச் சார்ந்தவர்கள். எனினும் அரசனோ அசுரனோ அரங்கில் நுழையும்போது, அவர்களினும் தாழ்ந்த இடத்தில் தம்மை நிறுத்திக்கொண்டு வினாத் தொடுக்கும் உரிமையை இவர்கள் பெற்றிருந்தனர்.

தக்காணத்துப் பகல்வேடம்

மேற்கூறிய கோமாளிகள் அனைவரும் அரங்கத்தையோ திரையையோ சார்ந்தவர்கள். பார்வையாளரே அவர்களைத் தேடிச் செல்லவேண்டும். நடக்க இயலாத முதியவருக்கு அக்கலைகள் எட்டா. இதற்கு மாறாகப் பார்ப்பவரின் வாயிலுக்கே வரும் கலை ஒன்று தக்காணத்தில் செழித்தது. தெலுங்கில் பகடி வேஷாலு எனப்பெறும் அதனைத் தமிழில் பகல்வேடம் என்கிறோம். மராத்தி, கன்னடப் பகுதிகளில் வழங்கும் பகுரூபிக் கலையும் இதனோடு உறவுடையது. இரவில் விளக்கொளியில் ஆடப்படும் கூத்துக்கு மாறாகப் பட்டப்பகலில், திரையின்றி, மேடையின்றி, தெருவிலும் வீட்டு முன்றிலிலும் நிகழ்த்தப்பெறுவதால் இப்பெயர் பெற்றது. தமிழில் பகல்வேடம் என்னும் சொல் வஞ்சகம் என்னும் பொருளுக்கு இழிந்துவிட்டது. கலையாக நோக்கின் அது வஞ்சனைக்கு நேர்மாறானது. வேடம் என்பதைப் பகல் வெளிச்சத்தில் மறைக்காமல் காட்டுவது.

இக்கலையின் நிகழ்த்துமுறை கருதத்தக்கது. குழுவினர் ஓர் ஊரில் பல நாள் தங்குவர். நாளொரு வேடம் புனைந்து வருவர். இறுதி நாளன்று வீடுதோறும் சென்று பரிசில் பெறுவர். ஒரே நாளில் ஆடிவிட்டு அகல்வதன்று இது. முதல்நாள் ஐயத்துடன் நோக்கிய முதியவர் மூன்றாம் நாள் எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருப்பார். திரும்பத் திரும்ப வருதலால் உண்டாகும் பழக்கமே இக்கலையின் அடித்தளம். வாயிலில் நின்று இசைவு பெற்றே உள்ளே வருவதும் இதன் பண்பாகும். வேண்டாம் என்று கதவடைக்கும் உரிமை வீட்டாருக்கு உண்டு.

பிட்டலதொர

தெலங்கானாவின் நகைவேடங்களுள் புகழ்பெற்றது பிட்டலதொர. துபாகி ராமுடு என்றும் இவ்வேடம் வழங்கப்பெறும். பிட்ட என்பது பறவை. தொர என்பது தமிழின் துரை என்பதோடு உறவுடைய சொல். காக்கி உடை, தலையில் தொப்பி, தோளில் மரத்துப்பாக்கி ஆகியன இவ்வேடத்தின் அடையாளங்கள். வெள்ளைக்காரத் துரையின் தோரணையும் உள்ளூர் நிலக்கிழாரின் மிடுக்கும் இவ்வுருவில் ஒருங்கே நையாண்டி செய்யப்படுகின்றன. இல்லாத செல்வத்தையும் ஆளாத ஊர்களையும் தனக்குரியனவாகச் சொல்லி, தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் விரவிய மொழியில் மூச்சுவிடாது பெருமை பேசுதல் இவன் இயல்பு.

இவ்வேடத்தில் இரண்டு கூறுகள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதன. முதலாவது, நகையின் இலக்கு அதிகாரத்தின் உடையே. பார்ப்பவரின் குறை அன்று. இரண்டாவது, கேட்போர் இடைமறித்து வினவ இடமுண்டு. தொரையின் பொய்யை ஊர் முதியவர் குறுக்குவிசாரணை செய்வார், தொர திணறுவான், திணறலிலிருந்து இன்னொரு பெரும்பொய் பிறக்கும். அறிந்தவர் முதியவர், அகப்பட்டவன் கோமாளி. எள்ளப்படும் இடத்தைக் கோமாளி விரும்பி ஏற்பதால் முதியவருக்கு அறிவின் தலைமை மீள்கிறது. இன்றைய முதியோர் இல்லக் கோமாளிப் பயிற்சிகள் வலியுறுத்தும் அடிப்படை நெறி, தெலங்கானத் தெருவில் எழுதாக் கல்வியாக வழங்கிவந்துள்ளது என்பது இதனால் புலனாகும்.

முதியோர் இல்லமும் மருத்துவக் கோமாளியும்

இந்தியாவில் முதியோர் இல்லம் முற்றிலும் புதிய நிறுவனமன்று. சென்னை மணியக்காரர் சத்திரம் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டியாகத் தொடங்கி, பின்னர் ஆதரவற்ற முதியோரின் புகலிடமாகவும் விளங்கியது. 1839இல் பிரான்சில் ஜான் ஜுகான் தொடங்கிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை 1882இல் கல்கத்தாவில் முதியோர் இல்லம் அமைத்தது. சிகந்தராபாத்திலும் அச்சபையின் இல்லம் உண்டு. இவை வறியோருக்கானவை. 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டதற்குப் பிந்தைய ஐதராபாத்தில், பிள்ளைகள் அயல்நாடு சென்றுவிட்ட நடுத்தர, உயர் வருவாய்க் குடும்பத்து முதியோரும் இல்லங்களை நாடும் நிலை வளர்ந்தது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் அமைக்க வழிவகுத்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 அகவையைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடியர். உணவு, மருந்து, தூய்மை ஆகியவற்றைச் சட்டமும் கணக்கும் அளந்தன, பேச்சுத்துணை அளவிடப்படவில்லை.

மருத்துவக் கோமாளியின் வரலாறு வேறு திசையிலிருந்து வருகிறது. 1986இல் நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸின் மைக்கேல் கிறிஸ்டென்சன் குழந்தைகள் மருத்துவமனைக்குள் கோமாளிகளை முறைப்படி அழைத்துச் சென்றார். 1990களில் அது ஐரோப்பாவில் பரவியது. மருத்துவர் பேட்ச் ஆடம்ஸ் பெயரில் 1998இல் வெளிவந்த திரைப்படம் இப்பணியை உலகறியச் செய்தது. இந்தியாவில் ஆரோவில்லின் மெடிக்ளவுன் அகாதெமி, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சென்னை லிட்டில் தியேட்டர், 2016இல் தில்லியில் தோன்றிய க்ளவுன்செலர்ஸ் ஆகியன குறிப்பிடத்தக்கன. தில்லியிலும் சென்னையிலும் தொடக்கக் களம் குழந்தைகள் பிரிவே என்பது கவனிக்கத்தக்கது.

முதியோருக்கான கோமாளிக்கலை தனித்துறையாகப் பிரிந்தமை பின்னிகழ்ச்சி. ஸ்காத்லாந்தின் ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ் அமைப்பு எல்டர்ஃபிளவர்ஸ் என்னும் திட்டத்தை மறதிநோயாளருக்கெனவே வகுத்தது. இத்தகைய கோமாளிகள் முகத்தில் அடர்ந்த சாயம் பூசுவதில்லை. முதியோர் இளமைக்காலத்து உடைச்சாயலை மேற்கொள்கின்றனர். உரத்த குரலையும் திடீர் அசைவையும் தவிர்க்கின்றனர். இருவராகச் சென்று, கதவருகே நின்று இசைவு பெறுகின்றனர். குழந்தைக் கோமாளியின் வண்ணங்கள் இங்கே குறைந்தது வெறும் ஒப்பனை மாற்றமன்று. எதிரில் இருப்பவர் குழந்தையல்லர் என்பதன் ஒப்புதல் அது.

நகையின் அளவு

நகை நோயைத் தீர்க்கும் என்னும் கூற்று பரவலாக வழங்குகிறது. ஆய்வுகள் அதனை அப்படியே ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 35 முதியோர் இல்லங்களைக் கொண்டு நிகழ்த்தப்பெற்ற ஸ்மைல் ஆய்வின் முடிவு 2013இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற கோமாளிகள் வாரந்தோறும் வருகை தந்தனர். இல்லப் பணியாளருள் சிலரும் இதற்கெனப் பயிற்றப்பட்டனர். மனச்சோர்வில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. ஆனால் மறதிநோயாளரிடம் காணப்படும் கிளர்ச்சி, அமைதியின்மை ஆகியன குறைந்தன. துயரம் நீங்கவில்லை, பதற்றம் தணிந்தது. இம்முடிவு கோமாளியின் எல்லையையும் மதிப்பையும் ஒருங்கே காட்டுகிறது.

கனடாவில் பியா கோண்டோஸ் முதலியோர் செய்த ஆய்வுகள் மற்றொன்றைத் தெளிவுறுத்தின. மறதிநோயுடையவர் நகைச்சுவையை வெறுமனே பெறுபவர் அல்லர். அதனைக் கோமாளியோடு சேர்ந்து படைப்பவர். சிரிப்பு மட்டுமன்றி வருத்தமும் எரிச்சலும்கூட அச்சந்திப்பில் இடம்பெறுகின்றன. கோமாளி அவற்றை மாற்ற விரையாமல் உடனிருக்கிறான். பிட்டலதொரையை மடக்கிய ஊர் முதியவரும் இத்தகைய உடன்படைப்பாளரே.

ஐதராபாத்தின் மொழியும் நினைவும்

ஐதராபாத்து முதியோர் இல்லத்துக் கோமாளிக்கு அந்நகரமே ஒரு தனிப் பாடம். அங்குத் தெலுங்கும் தக்கணி உருதும் மராத்தியும் கன்னடமும் தமிழும் அடுத்தடுத்த கட்டில்களில் ஒலிக்கக்கூடும். இந்நகரின் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி முதலியோர் மறதிநோயாளர் 648 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. இருமொழியாளரிடம் நோய் ஏறத்தாழ நான்கரை ஆண்டு தாழ்த்துத் தோன்றியதாகவும், எழுதப்படிக்க அறியாதவரிடத்தும் இவ்வேறுபாடு உண்டு எனவும் அவ்வாய்வு காட்டியது. பன்மொழிச் சூழல் முதியவரின் அறிவுக்கு அரணாகலாம் என்பது இதன் குறிப்பு. பல மொழிகளைக் கலந்து பேசும் பிட்டலதொரையின் பேச்சு, இந்நகரத்து முதியவர் செவிக்கு அயலானதன்று. 1960களில் தோன்றிய ஜிந்தா திலானே ஐதராபாத் என்னும் நகைச்சுவையாளர் அமைப்பும், 1968 முதல் வெளிவந்த ஷகூஃபா இதழும் தக்கணி நகைக்கவிதைக்கு இந்நகரில் பெருங்களம் அமைத்தன. அவ்வரங்குகளில் இளமையைக் கழித்தவருக்குச் சிவப்பு மூக்கைவிட ஒரு தக்கணிச் சொல் விரைந்து கதவு திறக்கும்.

நினைவும் இங்குச் சிக்கலானது. 1940இல் ஐதராபாத்தில் பிறந்த ஒருவர் வீடு மாறாமலேயே நிஜாம் ஆட்சி, 1948க்குப் பிந்தைய ஐதராபாத் மாநிலம், 1956இல் அமைந்த ஆந்திரப் பிரதேசம், 2014இல் பிறந்த தெலங்கானா ஆகிய நான்கு ஆட்சிப் பரப்புகளில் வாழ்ந்திருப்பார். மறதிநோய் அவரை எந்தக் காலத்தில் நிறுத்தும் என முன்னறிய இயலாது. குதிரைவண்டிக்குக் கொடுக்க ஹாலி சிக்கா நாணயம் இல்லையே என்று அவர் கலங்குவாராயின், நிஜாம் அரசின் அந்நாணயம் வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று எனத் திருத்துவது உண்மையுரை. ஆயினும் அவ்வுண்மை அவரை அறிவிழந்தவராக்கி இளிவரலில் தள்ளும்.

மடன் என்னும் கலை

இவ்விடத்திலேயே மடன் என்னும் நிலைக்களன் பொருளுடையதாகிறது. பேதைமை அறியாமை. மடன் அதனின் வேறானது. தானாக அறியாது, பிறர் கொளுத்தக் கொண்டு, கொண்டதைக் கைவிடாத இயல்பு என்பது உரை மரபு. கோமாளி நாணயம் இல்லாத வண்டிக்காரனாகலாம். சில்லறை எண்ணத் தெரியாத பணியாளாகலாம். ஹாலி சிக்கா எப்படியிருக்கும் என வினவும் ஊர்புதியவனாகலாம். முதியவர் கற்பிக்கிறார், கோமாளி கொள்கிறான். கலக்கத்தில் தொடங்கிய பேச்சு, கற்பித்தலாக மாறுகிறது. எண்ணத் தெரியாத கோமாளியைக் கண்டு முதியவர் நகைப்பாராயின், அந்நகை அவரது தலைமையின் அடையாளம்.

இது பொய்க்குத் துணைபோதல் ஆகாதா எனின், பகல்வேடத்தின் பெயரே விடை கூறுகிறது. வேடம் மறைக்கப்படவில்லை. முதியவரை ஏமாற்றிப் பொருள் கொள்வதோ, மருந்தூட்டுவதோ, அவரைக் காட்டிப் பிறரைச் சிரிக்கவைப்பதோ வஞ்சகம். அவர் நிற்கும் காலத்தில் அவருடன் சிறிது நேரம் நிற்பது அவ்வகையினதன்று. கொண்டதைக் கைவிடாமை என்னும் மடனின் இரண்டாம் கூறு இன்னும் இன்றியமையாதது. முதியவர் சென்ற வாரம் கற்பித்ததை இவ்வாரம் அவர் மறந்திருப்பார். கோமாளி மறந்திருத்தல் கூடாது. பகல்வேடக்காரர் பலநாள் வந்ததும், ஸ்மைல் ஆய்வுக் கோமாளிகள் வாரந்தோறும் வந்ததும் இதனாலேயே பயன் தந்தன எனக் கருதலாம். விழாநாளில் ஒருமுறை வந்து படமெடுத்துச் செல்லும் வருகையில் மடனுக்கு இடமில்லை.

முடிவுரை

இந்தியாவில் 60 அகவை கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடையவர் என 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களைச் சென்றுசேரும் கோமாளியை அயல்நாட்டுப் பயிற்சி நூல்கள் மட்டுமே உருவாக்க வேண்டுவதில்லை. வாயிலில் இசைவு கேட்டல், பலநாள் வருதல், அதிகாரத்தின் உடையை எள்ளுதல், தன்னைத் தாழ்த்திக் கேட்போரை உயர்த்துதல் ஆகிய நெறிகளைத் தக்காணத்துப் பகல்வேடக் கலைஞர் வாழ்வில் பயின்றுள்ளனர். புரவலர் குறைந்து அக்கலைஞர் நலிவுறும் இக்காலத்தில், முதியோர் இல்லங்கள் அவர்களைப் பயிற்றுநராகவும் நிகழ்த்துநராகவும் ஏற்குமாயின், இரு திறத்தாரும் பயன்பெறுவர். மூப்பை இளிவரலுக்குரியதாகக் கண்ட தொல்காப்பியம் உள்ளதை உள்ளவாறு கூறியது. மூப்பைக் கோமாளியால் மாற்ற இயலாது. அதனோடு ஒட்டிய இளிவரலைச் சிறிது நேரமேனும் தன் தோளில் ஏற்று, நகையை முதியவர்க்கு உரிமையாக்குதல் அவனால் இயலும்.